முன்கூட்டிச் சொன்ன நன்றி

பிப்ரவரி 6

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். நீயும் சுகம்தானே என்று வழக்கமாக எழுதுகிற வரியை இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை.

உன் மனைவி பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டாள். மாவு மில் இரைச்சலில் நின்றே காது மந்தமாகிப் போன எனக்கு அவள் பேசியதில் லிஃப்ட், கால், ஆஸ்பத்திரி என்ற சொற்கள்தான் விழுந்தன. மீதியை நானே கற்பனை பண்ணிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அத்தான் போனை வாங்கிக் கேட்டு, "உயிரோட இருக்கான், கத்தாத" என்றார். பஸ் ஓட்டுகிற அந்த மனிதருக்கு இருபது பேர் படியில் தொங்கினாலும் இதே குரல்தான்.

எனக்குப் போன் உதவாது. அதனால் நீயே எழுது. என்ன நடந்தது, டாக்டர் என்ன சொல்கிறார், காலுக்கு ஆபத்து உண்டா, எல்லாம் வேண்டும். அரைகுறையாக எழுதினால் மீதியை நான் நிரப்பிக்கொள்வேன். என் கற்பனை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

சபையில் உனக்காக ஜெபச் சங்கிலி ஆரம்பித்துவிட்டோம். ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒருவர் முடித்தால் அடுத்தவர். மணியடிக்கிற பெரியவர் விடியற்காலையை எடுத்துக்கொண்டார். நான் மதியம், மில் மெஷினை நிறுத்துகிற நேரம். கர்த்தர் நம்மைக் கைவிடமாட்டார், தம்பி. அப்பா போனபோதும் கைவிடவில்லை.

உன் பதிலை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா


பிப்ரவரி 19

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

தம்பியின் ஸ்தோத்திரம். படுக்கையில் சாய்ந்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணினால் திட்டாதே. அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நடந்தது இதுதான். லிஃப்ட் மேலே போனால் அதற்கு ஈடாக ஒரு இரும்புப் பாரம் கீழே இறங்கும். கவுண்டர்வெயிட் என்போம். நான் லிஃப்டின் அடிப்பள்ளத்தில் நின்று ரிப்பேர் வேலை செய்துகொண்டிருந்தேன். மேலே யாரோ பட்டனை அழுத்த, அந்தப் பாரம் வந்து பாதத்தைப் பிடித்துவிட்டது. சுவிட்சை அணைத்துவிட்டு இறங்க வேண்டியவன் நான். புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் பாடமாக நான் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று வைத்துக்கொள்.

இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள். கூடவே எனக்குச் சர்க்கரை இருப்பதாகவும் கண்டுபிடித்தார்கள். ஒரு வியாதிக்கு வந்தவனுக்கு இன்னொன்று இலவசம்.

வேதனை என்னவென்றால், என் கட்டில் இந்த ஆஸ்பத்திரி மாடியின் லிஃப்டுக்கு நேர் எதிரில். கதவு மூடும்போது கீழே எங்கேயோ உரசுகிறது. நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருக்கிறேன். வருகிறவர்கள் பட்டனை மூன்று தடவை, நான்கு தடவை அழுத்துகிறார்கள். எத்தனை தடவை அழுத்தினாலும் அது வருகிறபோதுதான் வரும். உங்கள் ஜெபச் சங்கிலியைச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

புண் ஆறி வருகிறது. கவலைப்படாதே. சபையாருக்கு என் அன்பைச் சொல்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 8

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் கண்டதும் எனக்கு வந்த சுகத்தை எழுத வார்த்தை இல்லை.

புண் ஆறி வருகிறது என்ற வரியை மில்லில் மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று திரும்பத் திரும்ப வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை, நன்மை பெற்றவர்கள் எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில் நானும் எழுந்து நின்றேன். நம் சபை வழக்கம் உனக்குத் தெரியாததா? கேட்டது கைக்கு வரும் முன்பே வந்துவிட்டது என்று நம்பி நன்றி சொல்லிவிடுவோம். அம்மா உன் பரீட்சைக்கெல்லாம் ரிசல்ட் வருமுன்பே நன்றி சொல்லிவிடுவாள். நீ ஒரு தடவை ஃபெயில் ஆனாய், அது வேறு கதை.

"என் தம்பியோட காலைக் கர்த்தர் காப்பாத்திட்டார். முழுசா சுகம் குடுத்துட்டார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்காததால் கத்தித்தான் சொல்லியிருப்பேன். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள், பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். பாட்டு நடத்துகிற அம்மா அழுதேவிட்டாள். ஜெபச் சங்கிலியை வேறொரு வீட்டுக் குழந்தைக்காக மாற்றிவிட்டோம், உனக்குத்தான் கிடைத்துவிட்டதே.

வீட்டுக்கு வரும் வழியில் அத்தான், "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையா?" என்றார். அவர் விசுவாசம் அவ்வளவுதான். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

எப்போது வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று எழுது.

சந்தோஷத்தில் கால் தரையில் பாவாத,
அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். டாக்டர் ஏதோ சொன்னார். டாக்டர்கள் ஏதாவது சொல்வார்கள்தானே. இங்கே வெயில் அதிகம். ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறோம்.

போதகரிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. சுகமானதற்கு நன்றி செலுத்தி எழுதி, சபையார் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மணியடிக்கிறவர் பெயருக்குப் பதிலாக ஒரு மணியை வரைந்திருக்கிறார். இவள் அதை அலமாரி மேல் நிறுத்தி வைத்தாள். நான் கவிழ்த்து வைத்தேன், காற்றில் விழுந்துகொண்டே இருந்தது.

நீ ஏன் அக்கா அவ்வளவு சீக்கிரம் சொன்னாய்? சும்மா கேட்டேன்.

வெயில் தாங்க முடியவில்லை. பிறகு எழுதுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 9

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

இங்கே சுகம். வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று வாசித்ததும் போன ஞாயிறு மறுபடியும் எழுந்து நன்றி சொன்னேன். சீக்கிரம் சொன்னேனாம், இந்தக் குடும்பத்தில் நல்லதைத் தாமதமாகச் சொல்கிற பழக்கம் யாருக்கு உண்டு?

ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் கடிதம் முழுக்க வெயிலாக இருக்கிறதே, கால் எங்கே? ஊன்றி நடக்கிறாயா? வேலைக்கு எப்போது? கடிதத்தைக் "கர்த்தருக்குள்" என்று தொடங்குகிறவன், இந்தத் தடவை மொட்டையாகத் தொடங்கியிருக்கிறாய். அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். எழுத்தும் உன் எழுத்து மாதிரி இல்லை, வரி கீழே இறங்கிக்கொண்டே போகிறது.

ஒரு வரி போட்டாலும் போதும். உடனே போடு.

அக்கா


மே 2

தம்பி,

நடுவில் போட்ட கார்டையும் சேர்த்து இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை, இது மூன்றாவது. அத்தான் போன் பண்ணினால் உன் மனைவி எடுத்து, "நல்லா இருக்கார்" என்று சொல்லி வைத்துவிடுகிறாளாம். நன்றாக இருக்கிறவனுக்கு வாய் எங்கே போயிற்று?

மில்லில் ஒரே மூட்டையை இரண்டு தடவை தைத்தேன். நேற்று எடைத் தட்டின் மேல் நானே ஏறி நின்றுகொண்டிருந்தேன், எதற்கு ஏறினேன் என்று தெரியவில்லை. மாவு வாங்க வந்த ஒருத்தி தன் மாமனாரைப் பற்றிச் சொன்னாள். சர்க்கரைக்காரர், காலில் சின்னப் புண்ணாம். அதற்குமேல் அவளைப் பேசவிடவில்லை.

மதியம் ஜெபிக்க முழங்கால் போடுகிறேன். உடனே எழுந்து தபால்காரர் வருகிறாரா என்று பார்க்கிறேன். மறுபடியும் முழங்கால் போடுகிறேன். என்ன கேட்பது? கொடுத்துவிட்டீர், நன்றி என்று ஊரறியச் சொல்லிவிட்டேன். இப்போது போய்க் கொடும் என்று கேட்டால், அன்று சொன்னது என்ன என்று அவர் கேட்கமாட்டாரா? நன்றி சொல்லியே என் வாயை நான் அடைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான்.

பயமாக இருக்கிறது, தம்பி. எழுது.

அக்கா


மே 12

அண்ணிக்கு,

சுகம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை, மன்னிக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

புண் ஆறவே இல்லை. ஆறி வருகிறது என்று உங்களுக்கு எழுதியது உங்களைத் தேற்றுவதற்காக. மார்ச்சில் வீட்டுக்கு வந்ததும் டாக்டர் அனுப்பி அல்ல. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று அவர் சொன்ன மறுநாளே இவர் பிடிவாதமாகக் கிளம்பி வந்துவிட்டார். இப்போது கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் விடுவதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் வாடை போவதில்லை. தள்ளிப்போட்டால் முழங்காலும் போகும், இன்னும் தள்ளினால் ஆளே போய்விடுவார் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அழுதும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். அவர் சொல்வது ஒன்றுதான்.

"அக்கா சபை முன்னால சொல்லிட்டா. நான் போய் காலை வெட்டிக்கிட்டா அவ முகத்தை எங்க கொண்டு போய் வெச்சுக்குவா?"

அவர் ஜெபிப்பதை விட்டு நாளாயிற்று. நான் ஜெபித்தால் எரிச்சல்படுகிறார். அதனால் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஜெபிக்கிறேன்.

அண்ணி, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, கோபமும் உண்டு. நீங்கள் போட்ட முடிச்சை நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும். தயவுசெய்து விசுவாசமாக இரு என்று மட்டும் அவருக்கு எழுதாதீர்கள். சாகிற அளவுக்கு விசுவாசமாகத்தான் இருக்கிறார்.

உங்கள் தம்பி மனைவி


மே 15, வெள்ளி

என் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை அத்தான் தபாலில் போடப்போவதில்லை. நாளை காலை உங்கள் பக்கம் வருகிற பஸ்ஸின் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறார். டிரைவர்களுக்குள் அப்படி ஒரு தபால் உண்டு. அவர் உன் கையில் கொடுத்துவிட்டு, நீ வாசித்து முடிக்கும்வரை நிற்பார். நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் மனைவி எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். அவளை ஒன்றும் சொல்லாதே. கடிதம் இன்று காலை வந்தது. முதலில் அவள் மேல் கோபம் வந்தது, பொய் சொல்கிறாள் என்றுகூட நினைத்தேன். பிறகு மூட்டை மேல் உட்கார்ந்து மறுபடியும் வாசித்தேன். அத்தான் உடனே போன் பண்ணினார். நீ தூங்குவதாகச் சொல்லச் சொன்னாயாம். நீ அப்படிச் சொல்லச் சொன்னது அவருக்குப் போனிலேயே கேட்டதாம்.

மாலை ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். பாட்டு முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை, எழுந்து நின்றேன்.

"நான் அன்னைக்குச் சொன்னது நடக்கல. நடக்கும்னு நம்பி, நடந்துட்டதா சொல்லிட்டேன். தம்பி காலை எடுக்கணும். எடுக்கலன்னா அவன் இருக்கமாட்டான்."

எனக்கு அமைதியும் ஒன்றுதான், சத்தமும் ஒன்றுதான். அதனால் முகங்களைப் பார்த்தேன். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பாட்டு நடத்துகிற அம்மா என்னிடம் வந்து காதருகே, "கிடைச்சதை உன் வாயாலயே கெடுத்துக்கிட்டியே" என்றாள். அது மட்டும் நன்றாகக் கேட்டது. உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன்.

அப்போது மணியடிக்கிறவர் எழுந்தார். முழங்கால் வலி பூரணமாகப் போய்விட்டது என்று அவர் சாட்சி சொன்னாரே, நீ சின்னப் பையனாக இருக்கும்போது, ஞாபகம் இருக்கிறதா? எனக்குக் கேட்கவேண்டும் என்று என் பக்கம் திரும்பிக் கத்தினார். "அது இன்னைக்கும் வலிக்குது. சொன்ன சாட்சியைக் காப்பாத்த, இத்தனை வருஷமா மணிக்கூண்டுப் படியை நொண்டாம ஏறுறேன். தனியா இருக்கும்போதுதான் நொண்டுறேன்." சிலர் சிரித்தார்கள். போதகரும் சிரித்துவிட்டார், பிறகு முழங்கால் போட்டார். எல்லோரும் போட்டார்கள். பெரியவருக்கு மட்டும் போட முடியவில்லை, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் பெயரில் சங்கிலி இன்று மறுபடியும் ஆரம்பித்திருக்கிறது. பாட்டு நடத்துகிற அம்மா அதில் சேரவில்லை. சேராவிட்டால் போகட்டும்.

தம்பி, கேள். உன்னைக் காலோடு கர்த்தர் காப்பாற்றுவார் என்று சொன்னது நான். அவர் சொல்லவில்லை. நானே எழுதி அவர் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்காக நீ சாக வேண்டாம். என் முகத்தைப் பற்றிக் கவலைப்படாதே, அது எங்கேயும் போகாது, மாவு அப்பிக்கொண்டு இங்கேயேதான் இருக்கும். நீ அழகுக்கு வைத்திருக்கிற தம்பி இல்லை, எனக்கு உயிரோடு வேண்டிய தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போ. கையெழுத்துப் போடு. காலைக் கொடுத்துவிட்டு நீ வா.

நான் இப்போதே கிளம்பி வரவா? ஒரு வார்த்தை சொல், வந்துவிடுகிறேன்.

உன் அக்கா


மே 17

அண்ணிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். அந்த டிரைவர் அண்ணன் சொன்னபடியே நின்றார். தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டு மறுபடியும் நின்றார்.

இவர் வாசித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பக்கத்தில் போனால், பாதி சிரிப்பு. "அந்தக் கிழவர் இத்தனை வருஷம் நடிச்சிருக்கார் பாரு" என்றார். அதன் பிறகுதான் அழுதார். வண்டியைக் கூப்பிடச் சொன்னார்.

நாளை காலை ஆபரேஷன். எந்த இடம்வரை எடுப்பார்கள் என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. உங்களை இப்போது வரவேண்டாம் என்கிறார் இவர். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் தைரியமாக இருக்கிற மாதிரி நடிக்க வேண்டியிருக்குமாம், அதற்குத் தெம்பு இல்லையாம்.

போன கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். எழுதியது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், ஆனாலும் மன்னியுங்கள்.

தம்பி மனைவி


மே 30

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

ஆபரேஷன் முடிந்தது என்று போனில் தெரிந்துகொண்டோம். காய்ச்சல் விடவில்லை என்றும் தெரிந்துகொண்டோம். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

அதிகம் எழுத வரவில்லை. மெஷின் ஓடும்போதும் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மூட்டை தைக்கும்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரிடம் கோபமாகக்கூடக் கேட்டுவிட்டேன். நாலு பேர் இருக்கிற வீட்டில் பெரியவரிடம் கேட்பது மாதிரி மெல்லக் கேட்டுப் பழகியவள், இப்போது காலைப் பிடித்து இழுத்துக் கேட்கிறேன். உன் அத்தான்கூட நேற்று பஸ்ஸை எடுக்கும் முன் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாராம். கண்டக்டர் சொன்னார்.

இரவலாகவாவது ஒரு வரி, யார் கையாலாவது எழுதச் சொல்.

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

என் கையாலேயே எழுதுகிறேன். காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகிறது. பசிக்கிறது. இவள் இப்போதுதான் தூங்குகிறாள், நாற்காலியிலேயே.

முழங்காலும் போய்விட்டது, அக்கா. மார்ச்சிலேயே சம்மதித்திருந்தால் அது மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். இதைப் படித்துவிட்டு நீ மூட்டை மேல் உட்கார்ந்து உன்னையே திட்டிக்கொள்வாய். அதற்கு முன் மீதியையும் படி.

உன் முகத்துக்காகத்தான் போகவில்லை என்று இவளிடம் சொன்னேன். அது பாதி உண்மைகூட இல்லை. உன் சாட்சி எனக்கு நல்ல சாக்காகக் கிடைத்தது. நான் அவரோடு பந்தயம் கட்டியிருந்தேன். நீர் இருந்தால் இந்தக் காலை விட்டுவையும், எடுத்தால் நமக்குள் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். கால் கறுக்கக் கறுக்க எனக்கு ஒரு திருப்திகூட வந்தது, பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று. கடிதத்தில் கர்த்தரை விட்டது அவசரத்தில் அல்ல. நீ அதைக் கண்டுபிடித்ததும் எனக்குப் பதில் எழுதப் பயம் வந்துவிட்டது. அதனால் முழங்காலை உன் கணக்கில் எழுதாதே. அது என் பந்தயத்தில் போனது.

உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது தைரியமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. பயமா இருக்கு என்றேன். இவளிடம் சொன்னேனா, அவரிடம் சொன்னேனா என்று தெரியவில்லை. இவள் வெளியிலேயே நின்றுவிட்டாள், அதனால் அவரிடமாகத்தான் இருக்க வேண்டும். பதில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தனியாகப் போகிற மாதிரியும் இல்லை. இதற்குமேல் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது தினமும் அவரோடு சண்டைதான். இல்லாத கால் அரிக்கிறது, அதற்கும் சண்டை. இனி லிஃப்டின் அடிப்பள்ளத்தில் இறங்க முடியாது, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று அதற்கும் சண்டை. பந்தயம் கட்டின நாட்களில் ஒரு வார்த்தைகூட நான் அவரோடு பேசவில்லை, இப்போது ஓயாமல் பேசுகிறேன். கோபம் குறையவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

அடுத்த வாரம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே என்னை ஒற்றைக் காலில் நிறுத்தப் போகிறார்கள். ஆபரேஷனைவிட இதற்குத்தான் நடுங்குகிறேன். விழுந்தால் பிடிக்க ஆள் இருப்பார்களாம். நீ அடுத்த பஸ்ஸில் புறப்பட்டு வா. இனி நீ இருந்தாலும் நான் நடிக்கப்போவதில்லை.

கிளம்பும் முன் சபையில் எழுந்து சொல். முழங்காலும் போய்விட்டது என்று மறைக்காமல் சொல். அவன் இன்னும் நிற்கவில்லை, நிற்பானா என்று அவனுக்கே தெரியவில்லை, பயப்படுகிறான் என்றும் சொல். அக்கா, நன்றி மட்டும் இப்போது சொல்லிவிடாதே. கேட்டுக்கொண்டே இரு.

உன் தம்பி